எர்த் குழிக்குத் தண்ணீர்

தக்காளி கிலோ பன்னிரண்டு, மூன்று கிலோ முப்பது.
போன மாதம் முழுக்க இதைத்தான் விற்றது என் குரல்
பாலக்கோட்டுத் தெருக்களில்.
பேசித்தர நூற்றைம்பது ரூபாய்.
விலை மாறினால் மறுபடி நாற்பது.

ம்ம்ம் என்று ஒன்று அப்போதும் அடியில் இருந்தது.
லோடு ஆட்டோ மாதையன் கேட்கவில்லை,
தக்காளி வாங்கியவர்களும் கேட்கவில்லை.
ஹாரன் குழாய்க்குள் போனால்
எல்லாக் குரலும் தகரம்தானே.

துரைசாமியின் மகன்தான் பிடித்தான்.
'ஓய்வுபெற்ற கண்டக்டர் துரைசாமி அவர்கள்
இன்று அதிகாலை...'
போனைக் காதில் அழுத்தி இரண்டு தரம் கேட்டு
'அக்கா, அப்பா பேருக்குப் பின்னால
குளவி கட்டுதே' என்றான்.
'விசில்ல பட்டாணி சிக்குனாக்கூட
அவரு வண்டி எடுக்க விடமாட்டாரு.'
எடுப்பு நாலு மணிக்கு.
அப்போது பதினொன்று பத்து.

முதலில் ஃபேனை நிறுத்தினேன்.
பங்குனி வந்து தோளில் உட்கார்ந்தது.
ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன், மாவு புளித்தால் புளிக்கட்டும்.
ட்யூப்லைட். ஜன்னலுக்குப் போர்வை.
பல்லிக்கு ஒரு முறைப்பு.
திரையில் பச்சைக் கோடு படுக்கவே இல்லை.
யாரும் பேசாதபோதும்
கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் சிலிர்த்துக் கிடந்தது.

இரைச்சல் நீக்கியில் போட்டேன்.
அது குளவியோடு சேர்த்துத்
துரைசாமியில் இருந்த 'சா'வையும் தின்றுவிட்டுக்
கிணற்றுக்குள்ளிருந்து
'துரை... மி' என்றது.

பிறகுதான் சார்ஜரைக் கழற்றினேன்.
நின்றது.
மாட்டினேன். ம்ம்ம்.
கழற்றினேன். நின்றது.
பேட்டரி செத்து வருஷம் ஒன்றாகிறது,
கழற்றினால் ஆறு நிமிடம் தாங்கும்.
மென்பொருள் கண்விழிக்கவே நாலு.

மைக்கின் இரும்புக் கழுத்தைப் பிடித்தால் அடங்குகிறது,
விட்டால் வருகிறது.
வெறுங்காலோடு பிடித்தால் இன்னும் அடங்குகிறது,
ரப்பர் செருப்போடு பிடித்தால் பிகு பண்ணுகிறது.
ஆக, இந்த வீட்டில்
மண்ணுக்குப் போகிற ஒரே கம்பி
நான்.

எலக்ட்ரீஷியன் முனிரத்தினம் எங்கோ கம்பத்தில் இருந்தான்.
'பிளக்குல மூணு கால் இருக்கு.
மூணாவது காலுக்குக் கீழ தரை இருக்கா பாருங்க.'
மீட்டர் பெட்டியிலிருந்து பச்சை ஒயரைத் தொட்டுக்கொண்டே போனேன்.
ஹவுஸ் ஓனர் மாதம்மாளின் கோழிக்கூண்டுக்குப் பின்னால்
ஒரு குழாயில் முடிந்தது.
கரியும் உப்பும் போட்டு மூடிய குழியாம்.
வெடித்திருந்தது, விரல் போகிற வெடிப்பு.
'மழ பேஞ்சு எத்தினி மாசமாச்சு,
அது எங்க வாங்கும்? ஒரு குடம் ஊத்துங்க.'

ஒரு குடம்.
ஒகேனக்கல் தண்ணீர் வந்து ஆறு நாள்.
வீட்டில் இருப்பது இரண்டரைக் குடம்.
அரிசி களைந்தது, பாத்திரம் அலசியது,
அதற்கு மேல் அரைக் குடம் நல்ல தண்ணீர்.
குடித்தது. குமிழி விட்டுக் குடித்தது.
மாடியிலிருந்து மாதம்மாள்:
'அங்க என்னடி செடி வெச்சிருக்க?'
'ஒண்ணும் வெக்கலைங்க.'

பன்னிரண்டரை. கைகள் மடியில், காலில் செருப்பு.
கோடு படுத்துவிட்டது.
இத்தனை நாள் குளவி மூடி வைத்திருந்தவை
வெளியே வந்தன:
பேசுமுன் நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிகிற சின்ன ஒட்டல்,
'ஓய்வுபெற்ற'வுக்கு முன்னால் நான் இழுக்கும் மூச்சு.
அந்த மூச்சை வெட்டலாம்.
வெட்டவில்லை.

ஒன்றரைக்கு ஆட்டோ எங்கள் தெருவிலும் வந்தது.
இரட்டை ஹாரன்.
துரைசாமி அவர்கள் என்று நான் சொல்லச் சொல்ல
அடியில் டைனமோ முனகியது,
கியருக்குக் கியர் ஏறி, வேகத்தடையில் இறங்கி.
அதற்கும் மேலே மார்க்கெட் லாரி ஒன்று.
ஒரு சொல்லும் சுத்தமாக இல்லை.
பின் சீட்டில் இருந்த மகன்
என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

நாளைக்கு வெங்காயம், ஒரு டியூஷன் சென்டர்.
இரவு அரிசி களைந்த தண்ணீரைச்
சிங்க்கில் கொட்டாமல் வைத்திருக்கிறேன்.